நல்ல நேரத்துக்குப் போக வேண்டிய மெயில்

என் அம்மாவின் தம்பி காளியண்ணன் மாமாவைத் திட்ட எனக்கு வாய் வராது. அதுதான் பெரிய தொந்தரவு. திட்ட முடிந்திருந்தால் என்றைக்கோ மனம் ஆறியிருக்கும்.

இரண்டாயிரத்து நான்கில், ஓசூரில் ஒரு பள்ளிக்கூடம் எனக்கு டீச்சர் வேலை தருவதாக எழுதியது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மெயிலில் சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். படிப்பை முடித்துவிட்டு மரவள்ளிக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நான். இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கள் மலைமேல் செம்மேட்டில் மாமா வேலை பார்த்த மிளகு விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டரும் போன் லைனும் இருந்தன. வியாழக்கிழமை போய் மெயிலை நானே டைப் அடித்தேன். அனுப்பப்போகும் சமயத்தில் மாமா தடுத்துவிட்டார். அன்றைக்கு நவமியாம். முதல் வேலைக்குச் சம்மதம் சொல்வதை யாராவது நவமியில் செய்வார்களா என்றார். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் பழகப் போனபோது அவர் ஒரு வித்தை கற்று வந்திருந்தார். நாளையும் மணியையும் குறித்து வைத்தால் மெயில் அந்த நேரத்துக்குத்தான் போகும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தைக் குறித்தார்.

“நாளைக்கு அதுவே போயிரும் கண்ணு. நீ நிம்மதியா ஊட்டுக்குப் போ.”

பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, உறை போட்டு, ஆபீசையும் பூட்டினார். தபால் பெட்டியில் போட்ட கடிதம் போல மெயிலும் கையை விட்டுப் போய்விட்டது, இனி நேரம் வந்ததும் கிளம்பிவிடும் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுவோ அணைத்த கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் விடியலில் மிளகு லாரியில் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிய மாமா ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினார். அதுவரை ஆபீசைத் திறக்க ஆள் இல்லை. அம்மா எனக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, பதில் வந்திருக்குமென்று சங்கத்துக்கு ஓடினேன். மாமா கம்ப்யூட்டரைப் போட்டார். லைன் கிடைத்ததும் ஏதோ ஒரு மெயில் வெளியே போவதாகக் காட்டியது. எட்டிப் பார்த்தேன். என்னுடையது. அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது.

சங்கத்துப் போனிலிருந்தே ஓசூருக்குப் பேசினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே அம்மா என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மாமா துவண்டுபோய் உட்கார்ந்திருந்தார். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். பிறகு எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

“விடு சாமி. தெரியாத ஊர்ல நீ எதுக்குத் தனியாக் கெடக்கோணும்? இங்கயே எங்க கண்ணு முன்னால இரு.”

குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. வேலை போனதைவிட அந்தத் தெளிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க வேணும்னு செய்யலைங்க மாமா, அது எனக்குத் தெரியுதுங்க. ஆனா நான் போகலைன்னதும் உங்களுக்குச் சந்தோசம்தானுங்களே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது.