ஒன்றாம் கேமராவின் கேபிள்

1

இந்தக் கதை, சுற்றாத ஒரு மின்விசிறியிலிருந்து பிறந்தது. 1976-இல் தூத்துக்குடியில் ஒரு மிஷன் மண்டபத்தில் பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய முகங்கள் தெரிய வேண்டிய திரையில், சத்தம் வருமென்று அணைத்து வைத்திருந்த அந்த விசிறி ஏழு வினாடிக்குத் தெரிந்தது. அதற்குக் காரணம் நான்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. எழுதி முடித்ததும் பயம் வந்துவிட்டது. ஆகவே இனி 'நான்' கிடையாது. அவன் பெயர் செல்வதுரை. வயது இருபத்துநாலு. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிப்பவன். விழுவதானால் அவன் விழட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "உப்புக் காற்று வீசும் அந்தக் கடலோர நகரத்தில்..."

(வேண்டாம். மண்டபத்தின் சன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். காற்றே கிடையாது.)

இரண்டாம் முயற்சி: "செல்வதுரை பிறவிக் கலைஞன்..."

(அவன் அம்மா படித்தால் சிரிப்பாள்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். நாசரேத்துக்காரரான கிருபாநிதி சார் வெளிநாட்டில் ஆறு மாதம் டெலிவிஷன் வேலை படித்துவிட்டு வந்தார். அங்கே யாரோ கழித்துப்போட்ட இரண்டு கேமராக்களும் அவரோடு கப்பலேறி வந்தன. சென்னையில் டெலிவிஷன் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தூத்துக்குடியில் படம் தெரிய வழியே இல்லை. அப்படியும் சனிக்கிழமைதோறும் அந்த மிஷன் மண்டபத்தில் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுத்தார். முடிவில் ஒருவருக்குச் சென்னை நிலையத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒருவருக்கு. வாசகர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்வதுரை வேறெதையும் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது கேமரா ஒன்றும் இருந்தது.*

* தோணி கட்டும் ஆசாரி செய்து கொடுத்த மரப்பெட்டி. கைப்பிடி, சக்கரம் எல்லாம் உண்டு, படம் மட்டும் வராது. சார் "டேக் த்ரீ" என்றால் திரை கறுப்பாகும். இரக்கப்பட்டு வாரம் ஒருமுறை சொல்வார். அந்தப் பெட்டியை ஓட்டியது யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

3

வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாக் கேமராக்களின் படத்தையும் பார்த்து "டேக் ஒன்", "டேக் டூ" என்பவர் டைரக்டர். அது சார். சொன்ன பொத்தானை அழுத்த ஒருவர். தளத்தில் நின்று, விரல்களை மடக்கி ஐந்து, நான்கு, மூன்று என்று காட்டுபவள் ஃப்ளோர் மேனேஜர். அது பள்ளிக்கூட டீச்சரான ஜெபசெல்வி. பிறகு கேமராவை ஓட்டுபவன். எவனுடைய படம் திரைக்குப் போகிறதோ அவனுடைய கேமராவின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். கடைசியாக, அவனுக்குப் பின்னால் கேபிளை ஏந்தி நடப்பவன். கேமரா முன்னே போனால் கேபிளை விட வேண்டும், பின்னே வந்தால் சுருட்ட வேண்டும். அவனுக்கு விளக்கு எதுவும் எரியாது.

ஒன்றாம் கேமரா, கஸ்பார். புன்னைக்காயல்காரன், சங்கு குளிப்பவரின் மகன். அவனுடைய கேபிள், செல்வதுரை. மரப்பெட்டியிலிருந்து நாலாவது வாரம் கிடைத்த பதவி உயர்வு.

"என்ன அண்ணாச்சி, பாம்பப் பிடிக்க மாதிரி பிடிக்கிய?" என்றாள் ஜெபசெல்வி.

"கடிக்கும்லா டீச்சர்."

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். "ஏலே, ஒனக்குத் தங்கச்சி உண்டுமா?"

"எதுக்குலே கேக்க?"

"எங்கய்யா கடல்ல முங்கும்போது வள்ளத்துல கயிறு பிடிக்கது எங்க மாமா. எங்கம்மா கூடப் பொறந்தவரு. எங்க ஊர்ல மச்சான்தான் பிடிக்கணும். வேற ஆளுன்னா கண் அசந்துருவான். மச்சான் அசர மாட்டான். தங்கச்சி தாலில்லா அவன் கையில இருக்கு."

"எனக்குத் தங்கச்சி கெடையாது."

"அப்பம் சும்மாவே அசராமப் பிடி."

4

இந்த இடத்தில் கஸ்பாரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு மீசை வைத்தேன், தலைக்கனம் கொடுத்தேன். ஒத்துவரவில்லை. கதைக்குள் அவனைத் திட்ட வைத்தால், வெளியே அவன் டிபன் பாக்ஸைத் திறந்து பொரித்த சாளை மீனை என் பக்கம் (செல்வதுரை பக்கம்) தள்ளுகிறான். கெட்டவன்மேல் பொறாமைப்படுவது சுலபம். மீன் கொடுப்பவன்மேல் படுவதற்கு உழைப்பு வேண்டும். செல்வதுரை உழைத்தான்.

ஒரு நாள் சார் எல்லோரையும் மானிட்டர் முன்னால் கூட்டினார். "கஸ்பாரோட இந்த ஷாட்டப் பாருங்க. எங்கயாவது ஆட்டம் தெரியுதா? ஸூம் முடியற வரைக்கும் இவன் மூச்ச நிறுத்துதான். கத்துக்கோங்க."

அன்று வீட்டில் செல்வதுரை வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எண்ணிப் பார்த்தான். இருபத்தாறு. மறுநாள் இருபத்தெட்டு, மூக்கில் நீரேறியது. அடுத்த சனிக்கிழமை, கஸ்பாரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டான்: "நீ எத்தன எண்ணுவ?"

"எதுக்கு எண்ண? எண்ணுனதில்ல."

கூடுதலாக ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் செல்வதுரை தாங்கியிருப்பான். எண்ணாதவனை என்ன செய்வது? அதற்குப் பிறகு கஸ்பார் கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. கஸ்பாருடைய முதுகுமேல் பொறாமை. அந்த முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்த விதத்தின்மேல்கூடப் பொறாமை.

5

கடைசிச் சனிக்கிழமை. பாடகர் குழு, இரண்டு பாட்டு. முதல் பாட்டுக்குக் கஸ்பார் கேமரா, செல்வதுரை கேபிள். இரண்டாவதற்கு இருவரும் இடம் மாற வேண்டும். இதைப் பார்த்துத்தான் கடிதம்.

முதல் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஒன்றாம் கேமரா மெல்ல முன்னேற வேண்டும். சிவப்பு எரிந்தது. கஸ்பார் தள்ளினான்.

"எதிர்பாராத விதமாகக் கேபிள்..."

"யாரும் கவனிக்காத அந்த நொடியில்..."

"விதி என்று ஒன்று..."

(மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

கேபிள் செல்வதுரையின் காலுக்கடியில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதுவரை தற்செயல்தான். செருப்பில்லாத பாதத்துக்கடியில் தடிப்பாக ஒன்று கிடப்பது தெரிந்தது. காலை எடுக்க நேரம் இருந்தது. 'மிதித்தான்' என்று எழுதினால் பொய். 'எடுக்கவில்லை' என்று எழுதினால் அதைவிட மோசமாக இருக்கிறது.

எடுக்கவில்லை.

கேபிள் விறைத்தது. கேமரா மூக்கைத் தூக்கியது. திரையில் மின்விசிறி. சாய்ந்த கேமராவைக் கஸ்பார் கட்டிப்பிடித்து நிறுத்தினான். கைப்பிடி இடித்து உதடு கிழிந்தது.

பாட்டு முடிந்ததும் சார் வெளியே வந்தார். "யாரு தப்பு?"

கஸ்பார் உதட்டைத் துடைத்தான். "எம்மேலதான் சார். கேபிள் சிக்கிட்டு. நான் பாக்கல."

நகர்வதற்கு முன்னால் கேபிளைப் பார்த்துக்கொள்வது கேமராக்காரன் பொறுப்பு என்று சார் முதல் நாளே போர்டில் எழுதிப்போட்டிருந்தார். 'நான் பாக்கல' என்றால் என்ன விலை என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டாவது பாட்டு. உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு கஸ்பார் கேபிளை எடுத்தான். செல்வதுரை கேமராவைத் தள்ளினான். பின்னால் கேபிள் இருப்பதே தெரியவில்லை. முன்னே போனால் இளகியது, பின்னே வந்தால் ஒதுங்கியது. அவன் கால் எங்கே போகப் போகிறது என்று அவனுக்குமுன் கேபிளுக்குத் தெரிந்திருந்தது. சிவப்பு எரிந்தது. அவன் மூச்சை நிறுத்தினான். இருபத்தெட்டு வரை.

கடிதம் செல்வதுரைக்குக் கிடைத்தது.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. செல்வதுரை கடிதத்தைக் கிழித்துக் கடலில் எறிகிறான். (இல்லை. கசங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனான்.)

ஆ. செல்வதுரை புகழ்பெற்ற கேமராமேனாகிக் குற்ற உணர்வில் வாடுகிறான். (வாடுவது சரி. மூன்று வருடமாக அங்கேயும் கேபிள்தான் பிடிக்கிறான்.)

இ. கஸ்பாருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? வாசகரே, நீங்கள் முடிவு செய்யுங்கள் என்று சொல்லி அரைப் பக்கம் வெள்ளையாக விடுவது. இதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். மிகவும் நாகரிகமாகத் தெரிந்தது.

7

போன வாரம் லீவில் ஊருக்கு வந்தபோது இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். கஸ்பார் இப்போது அங்கே கிரேன் ஓட்டுகிறான். மதியச் சாப்பாட்டு நேரம். கிரேனின் நிழலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மரப்பெட்டி வந்தபோது சிரித்தான். வாளி வந்தபோது "கோட்டிப்பயலே" என்றான். ஐந்தாம் பகுதியில் சாப்பிடுவதை நிறுத்தினான். வெள்ளை அரைப் பக்கம் வந்தது.

"பெறவு?"

"அவ்ளோதான். முடிவ வாசகர்ட்ட விட்டுருக்கேன்."

"அவிய என்னத்தச் செய்வாவ? அவியளா அங்கன நின்னாவ?"

நான் தாள்களை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"அது யாருலே செல்வதுரை?" என்றான்.

"நான்தான்."

"எம்பேர மாத்தலைல்லா. ஒம்பேர மட்டும் என்னத்துக்கு மாத்துத?"

நான் வேறு கேள்வி கேட்டேன். "ஒனக்குத் தெரியுமாலே? அன்னைக்கு?"

கஸ்பார் எழுந்துபோய்க் கையைக் கழுவி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தான். உதட்டில் அந்த வெள்ளைத் தழும்பு ஈரமாக இருந்தது.

"தள்ளுததுக்கு முந்தித் திரும்பிப் பாத்தேன். ஒங்காலு கேபிள் மேல இருந்துச்சு. நீயும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்ன" என்றான். "எடுத்துருவன்னு நெனச்சித் தள்ளுனேன்."