அடிப்பக்கத்துச் சுழி

வாசலில் நின்று அண்ணன் மசனோரியின் கறுப்புக் கோட்டில் உப்பைத் தூவிவிட்டு, ஹிசாயோ தன் தோளிலும் தூவிக்கொண்டாள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் தீட்டோடு உள்ளே போகக் கூடாது. அண்ணன் கையிலிருந்த வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்குள் அப்பா தொகுசோ இருந்தார். இருவரும் நீளக் குச்சிகளால் சேர்ந்து பிடித்து எடுத்த எலும்புகள்.

பெட்டியைப் பூஜை மேடையில் வைத்த மசனோரி, பக்கத்தில் அப்பாவின் பூச்சாடியையும் வைத்தான். கடைசிச் சூளையைப் பிரித்த அன்றே அப்பா அதைத் தன் படுக்கையருகே கொண்டுபோய்விட்டார். யாரையும் தொடவிடவில்லை. விறகுச் சாம்பல் உருகி அதன் தோளில் பச்சையாக வழிந்திருந்தது.

"இப்படி ஒண்ணு இனி யாரு செய்யப் போறா? நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் சூளையை இடிச்சிடலாம்" என்றான் மசனோரி.

"ஏன், நான் இல்லையா?"

"நீ இடக்கைக்காரி. உன் சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துது. சாடியைக் கவுத்தா அடியில சுழியே தப்பா இருக்குன்னு அப்பா சொல்லுவாரே."

சொல்லுவார். அவள் வனைந்ததைக் காய்வதற்குள் மண்தொட்டியில் போட்டு மிதிப்பார். தேறிய சாடிகளின் அடியில் குத்தும் சூளை முத்திரையை ஒருநாளும் அவளிடம் கொடுத்ததில்லை. செத்த பிறகும் மனிதர் குறுக்கே நிற்கிறாரே என்று ஹிசாயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரு வாயால ஒரு தடவை நல்லா இருக்குன்னு வந்திருந்தா சூளை வெடிச்சிருக்கும்" என்றாள்.

மசனோரி சிரித்துவிட்டான்.

அப்பாவுக்கு வைக்கும் சாமந்திக்குத் தண்ணீர் பிடிக்கச் சாடியை அடுக்களைக்கு எடுத்துப்போனாள். அடியிலிருந்த தூசியைத் துடைக்கக் கவிழ்த்தாள்.

சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த சுழி தெரிந்தது. எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த வீட்டில் அப்படிச் சுற்றும் கை ஒன்றுதான். சுழியின் நடுவே சூளையின் முத்திரை ஆழமாகப் பதிந்திருந்தது. ஈர மண்ணில் அழுத்தினால்தான் அப்படிப் பதியும்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன பண்ற இவ்வளவு நேரம்?" என்று மசனோரி வந்தான்.

ஹிசாயோ சாடியைக் கவிழ்த்தபடியே அவனிடம் நீட்டினாள். அவனும் குயவன் வீட்டுப் பிள்ளைதான். கட்டைவிரலால் சுழியைத் தடவிப் பார்த்தான். இன்னொரு முறையும் தடவினான்.

"விறகு எவ்வளவு இருக்கு?"

"ஒரு சூளைக்கு வரும்."

அவன் சாடியை நிமிர்த்திக் குழாயடியில் பிடித்தான். நிறைந்ததும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் நடந்தான்.