ஐந்து ஓட்டை, ஓர் அட்டை

மாட்டு டாக்டரம்மாவின் ஜீப் மலைப் பண்ணைக்குப் போகிற வழியில் ஒரு பாறைமேல் ஏறி, தொப்பென்று இறங்கியது. முன் வீல் தகரத் தட்டு மாதிரி நெளிந்துபோனது. கழற்றிப் பார்த்தால் மற்ற மூன்றிலும் துருவும் விரிசலும். அந்த மாடலே வருவது நின்று பல வருஷம் ஆகிவிட்டதால், வேறு வண்டியின் வீலில்தான் பொருத்தமானதைத் தேட வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"போல்ட் ஓட்டை ஒத்து வரணும், நடு ஓட்டையும் ஒத்து வரணும். சரியா அளவெடுத்துட்டுப் போங்க."

டாக்டரம்மாவின் கணவர் தையல்காரர். அளவு என்ற சொல் காதில் விழுந்ததும், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலுக்கு இழுத்து வந்திருந்த ஜீப்பிடம் கிளம்பிவிட்டார். ஆனால் ஜீப்பில் இருந்தது ஐந்து போல்ட். ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? நாடாவை நாலு தடவை வைத்தார், நாலு விதமாக வந்தது.

"என்னங்க, அளவு குடுக்கிற ஆள் அசையுறானா?" என்றாள் அவள்.

அவர் உள்ளே போய், சட்டைக்கு மாதிரி வெட்டுகிற அட்டையைக் கொண்டுவந்தார். கழற்றிய வீலின் இடத்தில் அதை வைத்து அழுத்தினார். கிரீஸ் கறையில் ஐந்து புள்ளியும் நடுவில் ஒரு வட்டமும் பதிந்தன. கத்தரிக்கோல் மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போன வீல் கடையில், அட்டையும் கையுமாக அவர் வரிசை வரிசையாக நடந்தார். ஆறு ஓட்டை, நாலு ஓட்டை, ஐந்து இருந்தும் நெருக்கமான ஓட்டை. கடைசியில் கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு வீலில் அட்டை அச்சாக உட்கார்ந்தது.

"சிங்கம் மாதிரி இருக்கும் மேடம்," என்றார் கடைக்காரர். டயரோடு முன் வீல் இரண்டையும் மாட்டியும் கொடுத்தார்.

டாக்டரம்மா கடை முற்றத்திலேயே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாள். கரகரவென்று சத்தம். இறங்கி, குனிந்து பார்த்தாள்.

"டயர் உள்பக்கம் ஸ்பிரிங்ல உரசுது."

தையல்காரரின் முகம் சுருங்கிவிட்டது. புதிய வீலைக் கழற்றி, பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார். பின் விளிம்பின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, போல்ட் உட்காரும் இடம் வரை நாடாவை இறக்கினார். புதியதில் இரண்டு விரற்கடை ஆழம் அதிகம். அவ்வளவு தூரம் டயர் உள்ளே தள்ளி நின்றிருக்கிறது.

"சே! கழுத்தளவு பார்த்தேன், கை நீளத்தை விட்டுட்டேன்."

"நடுவுல ஒரு தட்டு குடுத்து வெளிய தள்ளிடலாம் சார்," என்றார் கடைக்காரர்.

"நான் போற பாதைல ஒட்டு வேலை எல்லாம் தாங்காதுங்க," என்றாள் அவள். "வேற காட்டுங்க."

இப்போது அட்டையோடு குச்சியும் சேர்ந்து நடந்தது. மூலையில், பழைய டயர்களுக்குப் பின்னால், கறுப்பு இரும்பு வீல் நான்கு. ஓட்டை சரி, நடு வட்டம் சரி, ஆழம் நூல் பிசகவில்லை. ஜீப்பின் எடையைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, வீலில் பொறித்திருந்த எண்ணையும் அவள் படித்துப் பார்த்தாள். தாராளமாகத் தாங்கும்.

"பளபளப்பு இல்லையே," என்றார் தையல்காரர் குறையோடு.

"மாடு அதையெல்லாம் பார்க்காதுங்க."

நான்கையும் மாட்டி, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தாள். ஒரு சத்தமில்லை. கடைக்காரர் அந்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினார். இன்னொன்று வெட்டித் தருவதாகத் தையல்காரர் கம்பீரமாக வாக்குக் கொடுத்தார்.

நேராக மலைப் பண்ணைக்கே விட்டார்கள். பாதி வழியில் நிறுத்தி போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை முடுக்கினார்கள். அங்கே காய்ச்சலில் கிடந்த பசு, ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று தீவனத்தை மோந்து பார்த்தது. திரும்பும்போது அவள் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நானா? இந்தப் பாதையிலயா?"

"நீங்க எடுத்த அளவுதானே, ஓட்டுங்க."

முதல் கியரிலேயே, ஆளில்லாத வளைவுக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு, அவர் கீழே இறங்கினார். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.