பங்குக் கிணற்று வடம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஐயாத்துரை மிளகாய்த் தோட்டத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "வ..." என்றார். அவர் பெண்சாதி ரத்தினம் அப்போதுதான் தலையை முடிந்து, வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தைக் கைத்துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வயிறு பசிக்குதா? பானையில கம்மங்கஞ்சி இருக்கு."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "வ... வ..."

"வைக்கோலு தீந்துபோச்சா? வண்டிக்காரரு வந்தாரா? சீக்கிரம் சொல்லுங்களேன், எனக்கு நேரமாகுதுல்ல."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தாடை ஒரு பக்கமாக இழுத்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஆகாது. பதினெட்டு வருசமாக ஆகவில்லை. கல்யாணத்தன்று, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று குருவானவர் கேட்டதற்கு மாப்பிள்ளை "ஏ... ஏ..." என்று நின்றுகொண்டே இருக்க, கோயிலில் பாதிப்பேர் குனிந்து சிரிக்க, பக்கத்தில் நின்ற ரத்தினமே பொறுக்கமாட்டாமல், "ஏத்துக்கிடுதாகளாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்த வேலை அது. கடையில், சந்தையில், ஜெபக்கூட்டத்தில் அவர் ஒரு எழுத்தை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை இவள் முடித்துவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாகவும் இருக்கும். மிச்சம் இரண்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"வந்து கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ரத்தினம் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்போது ஒரு தரம் பார்த்தாள். மனுசர் அதே நிலையைப் பிடித்தபடி நின்றார்.

அன்றைய பெண்கள் கூட்டம் கீழத்தெருவில் பால்சாமி வீட்டு முற்றத்தில். பால்சாமியின் மனைவி முத்துத்தாய் பாய் விரித்து, செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். பால்சாமி வீட்டில்தான் இருந்தான், பின்பக்கம் காளைகளுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டு. ரத்தினம் எழுந்து ஒரு மணி நேரம் பேசினாள். அவள் அன்றைக்கு எடுத்துக்கொண்டது நீடிய பொறுமை. ஆண்டவர் நம்மிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார், நாம் வீட்டிலே புருசனிடமும் பிள்ளைகளிடமும் எவ்வளவு படபடக்கிறோம் என்று அவள் சொன்னபோது, நாலைந்து பெண்கள் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். "மதினி வாய்க்குச் சக்கரைதான் போடணும்" என்றாள் முத்துத்தாய். ரத்தினத்துக்கு மனம் குளிர்ந்து போயிற்று.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தபோது ஐயாத்துரை கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, கிழக்கே கையைக் காட்டி மறுபடியும் ஆரம்பித்தார். பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"காலையில பேசிக்கிடலாம், படுங்க. தலை வெடிக்குது."

கிழக்கே இருப்பது பங்குக் கிணறு. ஐயாத்துரைக்கும் பால்சாமிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பாத்தியப்பட்டது. மாடு பூட்டி இறைக்கிற கமலை ஒன்று, தண்ணீர்ச்சால் கட்டிய வடக்கயிறு ஒன்று, ஆளுக்கு ஒருநாள் முறை. வெள்ளி ஐயாத்துரை, சனி பால்சாமி. இன்றைக்கு இறைத்தவன் நாளைக்கு இறைப்பவனிடம் கிணற்றின் குற்றங்குறையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். பொது வடத்தைத் தனியொருத்தன் கழற்றினால் ஊர்ச்சண்டை வந்துவிடும், அதனால் யாரும் கைவைப்பதில்லை. மாடுகள் சரிவில் இறங்கும்போது பாரம் கொடுக்க, இறைப்பவன் அந்த வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போவான். பார்ப்பதற்கு ஊஞ்சல் மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை விடியுமுன்னே ஐயாத்துரை எழுந்து ஓடியிருக்கிறார். அவர் வரப்பில் கால் வைத்தபோது பால்சாமி மூன்றாம் சாலுக்கு மாட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இவர் கையை வீசி வீசிக் கத்தினாராம். வெறும் சத்தம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. கப்பியடியில் வடம் அறுந்து, பால்சாமி கிணற்றோரக் கல்லில் விழுந்து, தொடையெலும்பு முறிந்தது. ஒரு காளை முட்டி மடங்கி விழுந்தது, பிறகு எழுந்துகொண்டது.

கட்டிலில் வைத்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஊரே கூடி நின்றது. அறுந்த நுனியை யாரோ எடுத்து வந்திருந்தார்கள். நாலு புரியில் மூன்று பழைய அறுப்பு, கறுத்துப்போயிருந்தது. ராஜகுரு உபதேசியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குருவானவர் அருப்புக்கோட்டையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார். மற்ற நாளில் ஜெபமும் பஞ்சாயத்தும் இவர் பொறுப்பு.

"ஐயாத்துரை, நேத்து உம்ம முறைதான? இதைப் பாத்தீரா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"பாத்துட்டு ஏன்யா சொல்லல?"

ஐயாத்துரை வாயைத் திறந்தார். திறந்து, ரத்தினத்தைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வ. வடம். எல்லோரும் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவர் வார்த்தையை முடித்துக் கொடுக்கட்டும் என்று. அவளும் வழக்கம்போல முடித்துக் கொடுத்தாள்.

"அவுகளுக்குத்தான் வாய் வராதே. என்ன செய்வாக, பாவம்."

ஐயாத்துரை வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அவர் பேச ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார். பசித்தால் தட்டை எடுத்து வைத்துக்கொள்வார். வெளியே போவதென்றால் துண்டை உதறித் தோளில் போடுவார். கோபம் என்று சொல்ல முடியாது. அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். பால்சாமியின் தோட்டத்துக்கும் சேர்த்து இரண்டு முறையும் அவரே இறைத்தார், புது வடத்தில். ரத்தினம் தினமும் முழங்காலில் நின்று, ஆண்டவரே எனக்குப் பொறுமையைத் தாரும் என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொறுத்திருந்து கேட்க இப்போது வீட்டில் ஒரு பேச்சுமில்லை. சில நாள் அவர் எதிரே போய், "ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்பாள். அவர் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஊர்ப்பழியை அந்த மனுசர் சுமக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். முத்துத்தாயிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் கீழத்தெரு வரை நடந்தாள். மூன்று தரமும் பாதி வழியில் திரும்பினாள். பெண்கள் கூட்டத்தில் கண்ணைத் துடைத்த அந்த நாலைந்து முகங்கள் முன்னால் வந்து நின்றன.

வைகாசியில் குருவானவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை, அதற்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு மனக்குறை இருந்தால் அன்றைக்கே சபை நடுவில் சொல்லித் தீர்த்துவிட வேண்டும், தீராதவர்கள் மறுநாள் பந்திக்கு வரக்கூடாது. ஓட்டுக்கூரைக் கோயிலுக்குள் இன்னும் வெக்கை தணியவில்லை. பால்சாமி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கால் கூடிவிட்டது, இரண்டு விரல்கடை குட்டையாகக் கூடிவிட்டது. பக்கத்தில் ஒரு கம்பு கிடந்தது.

குருவானவர் கேட்டதும் முத்துத்தாய் எழுந்தாள்.

"ஐயா, கண்ணால கண்டும் சொல்லாம இருந்தவுக கூட ஒரே கிண்ணத்துல குடிக்க எனக்கு மனசு வரல. ஐயாத்துரை அண்ணன் நாளைக்குப் பந்திக்கு வந்தா, நானும் எம்புருசனும் வரல." சொல்லிவிட்டு அழுதாள். "வாய் வராதாம். ஓடியாந்து ஒரு கையக் காட்டியிருக்கலாம்ல, வெள்ளிக்கிழமையே?"

"ஐயாத்துரை, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார் குருவானவர்.

ஐயாத்துரை எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தத் தாடை ஒரு பக்கமாக இழுத்தது. "எ... எ..."

சபை முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பி ரத்தினத்தைப் பார்த்தது. அவர் வாயில் என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எம்மேலதான் தப்பு. இந்தத் தரம் அவள் ஊகம் தப்பவே தப்பாது. அதை முடித்துக் கொடுத்தால் போதும். குருவானவர் மன்னிப்பு ஜெபம் பண்ணுவார், முத்துத்தாய் மனமிளகினாலும் இளகுவாள், நாளைக்கு எல்லாரும் பந்தியில் உட்காரலாம். பதினெட்டு வருசப் பழக்கம் அவள் நாக்கில் தயாராக நின்றது.

ரத்தினம் எழுந்தாள்.

"இல்ல ஐயா" என்றாள். "அவுக இல்ல. அன்னைக்கு அவுக..."

அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஊர் முழுக்கப் பேச்சுக்குப் பேர்போன ரத்தினம் "அவுக... அ..." என்று நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். கல்யாணத்தன்று கோயிலில் கேட்ட அந்தச் சிரிப்பு இப்போது தன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருசமும் அவர் இந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இங்கே நிற்பவருக்கு எதிரே ஒரு முகம் வேறு பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன ரத்தினம், வீட்டுக்காரருக்காக நீ மன்னிப்புக் கேக்குறே, அப்படித்தான?" என்று முடித்துவிடப் பார்த்தார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. வடம் இழுத்து இழுத்துக் காப்புக் காய்த்த ஐயாத்துரையின் கை. உபதேசியார் வாயை மூடிக்கொண்டார். ஐயாத்துரை கையை உயர்த்தியபடியே, முகத்தைத் திருப்பாமல், கண்ணை எடுக்காமல், பெண்சாதி உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். "அ..."

கை இறங்கவில்லை.