முன்னால் கொடுத்தால்தான்

...முன்னால் கொடுத்தால்தான், பின்னால் கொடுத்தால் உறுதியில்லை, மூன்று நாள் முன்னாலேயே இலைச்சாற்றைக் குடித்த எலிகள் எல்லாம் தப்பின, சிறுநீரகம் கெட்ட பிறகு குடித்தவற்றில் தேறியதும் உண்டு, சுருண்டதும் உண்டு, இதை அத்தைக்கு எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது? வார்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள் அவள், உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் கால் வலித்தது. உள்ளே ஏழாம் கட்டிலில் கணவன், கட்டிலுக்கு அடியில் தொங்கும் பை, அதில் சொட்டும் சிறுநீரில்தான் குடும்பத்தின் உயிரே இருக்கிறது. மூன்று நாளாக மணிக்குப் பத்து மில்லியைத் தாண்டவில்லை. நாளைக்குள் கூடாவிட்டால் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டட வேலையை மேற்பார்க்கிறவன், நாள் முழுக்க வெயில், தண்ணீர் குடி என்றால் காதில் போட்டுக்கொள்ளமாட்டான், இடுப்பு வலிக்கு வேளைக்கு இரண்டு மாத்திரை... குப்பைக் கூடையில் காலி அட்டைகளை அவள் பார்க்கவில்லையா? பார்த்தாள். இவ்வளவு போடாதீங்க என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். அங்கே போய் என்ன செய்தாள்? அதே வலி மாத்திரையைப் பொடித்து எலிகளுக்குக் கொடுத்தாள், அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்காக. ஆறு வருடமாக இதே வேலை. நல்ல மனைவி, நல்ல விஞ்ஞானி, எதைச் சொல்லிச் சிரிப்பது?

நேற்று அத்தை கேட்டுவிட்டாள், எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேட்கிறவள். "எலிக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் குடுக்கிற, எம்புள்ளைக்குக் குடுக்க மாட்டியா?" அதெல்லாம் மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்கல அத்தை, இயற்கை மருந்துன்னா கெடுதலே இல்லைன்னு அர்த்தமில்ல என்று சொன்னாள், வாய்தான் சொன்னது, கை இன்று காலையிலேயே ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்து பழுப்புக் குப்பி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டது. ஏன் எடுத்து வந்தாள்? கொடுக்கவா? கொடுக்கமாட்டாள். பின்னே எதற்கு? கையிருப்பில் இருக்கட்டும் என்றா? கல்லீரலை என்ன செய்யும் என்று இன்னும் பார்த்துமுடிக்கவில்லை. டாக்டர் எட்டு மணிக்கு வந்தபோது, "நாட்டு மருந்து, மூலிகைன்னு ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். உண்மைதானே, குப்பி பைக்குள் மூடியபடிதான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் எட்டிப்பார்த்து, "வாங்கக்கா, வந்து பாருங்க" என்றாள். இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் பையில் தொண்ணூறு மில்லி. கட்டில் காலில் தொங்கிய தாளில் மணிவாரியாக எழுதியிருந்தது, ஒன்பதுக்குப் பத்து, பத்துக்கு நாற்பத்தைந்து, பதினொன்றுக்கு எழுபது. கணவன் கண்ணைத் திறந்து, வீங்கிய உதட்டோடு, "இன்னும் வேலைக்குப் போகலையா நீ?" என்றான். அழுகை வந்தது, அப்படியே நின்றாள், அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு. பிழைத்துவிட்டான், பிழைத்துவிடுவான்... அப்போதுதான் அத்தை அவள் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தாள். அத்தையின் முகத்தில் இப்படியொரு பெருமையை இதற்குமுன் பார்த்ததில்லை. "திட்டாத. நீ பையை வச்சுட்டு ஊசி வாங்கக் கீழ போனப்ப, உள்ள இருந்த அந்தப் பழுப்புக் குப்பியை எடுத்துக் குடுத்தேன், காலையிலேயே பார்த்துட்டேன். ரெண்டு மூடி. பார்த்தியா, எப்படிக் கேட்டுருச்சு."

இரண்டு மூடி. டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், வேலை போனாலும் போகட்டும், அவர் அறை நாலு எட்டுதான். ஆனால் வாய் வேறு எதையோ கேட்டது. "எத்தனை மணிக்கு அத்தை?" பதினொன்றரை இருக்கும் என்றாள் அத்தை. கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினாள், பதினொன்றரை, இரண்டு மூடி, சுமார் பத்து மில்லி... பேனா நின்றது. பத்து மணிக்கே நாற்பத்தைந்து வந்துவிட்டதே. அப்படியானால் குடிப்பதற்கு முன்பே சிறுநீரகம் தானாக விழித்துக்கொண்டுவிட்டது, நரம்பில் சொட்டுச்சொட்டாக ஏற்றிய தண்ணீர்தான் காரணம், சாறு ஒன்றும் செய்யவில்லை. சே, என்றது மனது. எதற்கு அந்தச் சே? கணவன் தானாகவே தேறினான் என்பதற்கா? அவள் சீட்டைக் கையில் பிடித்தபடி டாக்டர் அறையை நோக்கி நடந்தாள், பின்னால் அத்தை, "எதுக்கும்மா முகம் இப்படிப் போகுது, நல்லதுதானே நடந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், நல்லதுதான் அத்தை என்று சொல்ல நினைத்தவள் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.