எஞ்சின அணைச்சுட்டுத் தேடினவ

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா? சளி, இருமல் ஒண்ணும் இல்லையே? வெந்நி வச்சுக் குடிங்க. குடிச்சுக்கிட்டே இதக் கேளுங்க.

ஒரு தையல்காரி. படகு மேல போத்துற தார்பாய் தைக்கிறவ. துறைமுகத்த ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில மெஷின் போட்டிருந்தா. அன்னைக்குக் காலையில ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல, அப்படி ஒரு பனிமூட்டம். தையல் பாதியில இருக்கு, போன் அடிக்குது. விடியறதுக்கு முன்னாடியே படகுல மீன் பிடிக்கப் போன புருஷன்.

"எஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரக் கயிறும் அறுந்துடுச்சு. தண்ணி இழுத்துக்கிட்டே போகுது. இருக்கிற இடத்தோட ஜிபிஎஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்கோ."

சாக்பீஸால தார்பாய் மேலயே எழுதினா. கடைசி நம்பரச் சொன்னதும் அவன் போன் செத்துப்போச்சு.

துறைமுகத்துக்கு வெளிய, கடலுக்குள்ள ஒரு பாறைக்கூட்டம் இருக்கு. அதுல மோதினா படகு சுக்குநூறு. மீட்புப் படகுக்குப் போன் போட்டா, வேற எங்கயோ போயிருக்காம், வர நேரமாகுமாம்.

அவ உட்காரல. அலமாரியில இருந்த கையடக்க ஜிபிஎஸ்ஸ எடுத்து நம்பரத் தட்டினா, சின்னப் படகுக்கு ஓடினா. பின்னாடியே நாத்தனாரும் தாவி ஏறிட்டா. புருஷனோட அக்கா. வாய மூடவே மாட்டா, அதனால துறைமுகத்துல அவளுக்கு 'ரேடியோ'ன்னு பேரு.

"ஏண்டி, இந்தச் சோப்பு டப்பாவ நம்பியா கடலுக்குள்ள போற?"

"இது வழி மட்டும்தான் சொல்லும் அண்ணி, வம்பு சொல்லாது. நீங்க முன்னாடி உட்காந்து காது குடுங்க."

நீட்டின கை தெரியாத பனி. அவ கண்ணு திரைய விட்டு நகரல. அம்பு இடது பக்கம் சாஞ்சா இடது, வலது பக்கம் சாஞ்சா வலது. மெதுவா, நிக்காம போய்ச் சேந்தா.

அங்க யாருமே இல்ல. வெறும் தண்ணி.

"ஐயோ என் தம்பி! இங்கதான்னியேடி!"

"சொன்னப்ப இங்கதான் இருந்தாரு. தண்ணி சும்மா விடுமா?"

எந்தப் பக்கம் போறது? தப்பாப் போனா அவ்வளவுதான். பட்டுன்னு எஞ்சின அணைச்சா.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"அவரு படகும் இதே அளவுதான் அண்ணி. அவர இழுத்த காத்தும் தண்ணியும் நம்மளயும் அதே பக்கம்தானே இழுக்கும்?"

பல்லக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தா. படகு போன தடம் திரையில கோடா விழ ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு புள்ளி, அப்புறம் நூல் மாதிரி நீளுது. அந்தப் பக்கத்திலிருந்துதான் அலை மோதுற சத்தமும் வருது.

"அது பாறைப் பக்கம்டி!"

"தெரியும். அதான் சீக்கிரம் போகணும்."

எஞ்சினப் போட்டு, அந்தக் கோடு காட்டின திசையிலயே நேரா விட்டா. கொஞ்ச தூரத்துல ரேடியோ வாய மூடிட்டுக் கைய உசத்தினா. "நில்லு! டப்பா தட்டுற சத்தம் கேக்குது!"

பனிக்குள்ளேருந்து படகு தெரிஞ்சுது. அதுக்குப் பின்னாடியே பாறை மேல வெள்ளையா நுரை. அவன் தண்ணி இறைக்கிற டப்பாவ இன்னும் தட்டிக்கிட்டே இருக்கான்.

"அக்காவுமா வந்திருக்கு? அதுக்குப் பாறையே தேவல!"

"சிரிப்பெல்லாம் கரையில வச்சுக்கலாம். கயித்தப் பிடிங்க!" வீசினா. இறுக்கிக் கட்டினான். எஞ்சின் முக்கி முனகி, ரெண்டு படகும் நுரைய விட்டுக் கரைப் பக்கமா மெல்லத் திரும்புச்சு.

உங்க வீட்டுலயும் இப்படித் துணிஞ்சு போய் யாரையாவது தேடிக் கூட்டியாந்தவங்க இருப்பாங்களே? எப்படிக் கண்டுபிடிச்சாங்க, யாரு கூடப் போனாங்க, கூடப் போனவங்க என்ன பேசினாங்க, ஒண்ணு விடாம எழுதுங்க கண்ணுங்களா.