தோளுக்கு மேலே போகும் கை

என் தங்கச்சி தனுஷிகா விக்கெட் எடுத்தால் ஒன்று செய்வாள். வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், முதுகில் இல்லாத கூடைக்குள் கொழுந்தைப் போடுவாள். நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அம்மா நாள் முழுக்கச் செய்கிற வேலை அது. கொழும்பில் ஒரு தொழில்முறை கிரிக்கெட் அணி அவளை ஒப்பந்தம் செய்த பிறகு, டிவியில் பார்த்த சனமெல்லாம் அந்தக் கை அசைவைப் பிடித்துக்கொண்டது. அணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த அசைவைப் படமாக வரைந்து, தங்கள் வணிகக் குறி என்று பதிவு செய்து, தொப்பியிலும் சட்டையிலும் போட்டு விற்றார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது. தேர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எல்லோருக்கும் ஒரே மாதிரி டீசேர்ட் அடிப்பார்கள். இந்த வருஷம் அந்தப் படத்தையே அடித்து, விற்று, பேஸ்புக்கிலும் போட்டுவிட்டார்கள். அந்த வாரமே கொழும்பிலிருந்து அணியின் சட்டத்தரணி அம்மா ஒருவர் காரில் வந்து இறங்கினார்.

கோயில் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். காரில் வந்த அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "இந்தக் கை அசைவு இப்ப அணிக்குச் சொந்தம். அனுமதி இல்லாம யாரும் பாவிக்கக் கூடாது. சொந்த ஊரே இப்படிச் செஞ்சா தனுஷிகாவோட ஒப்பந்தம் முறிஞ்சு போகலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கம்மா கைய எங்களுக்கே இல்லன்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி. தங்கச்சி பொழப்புல மண்ணப் போட்டுராத."

டீசேர்ட்டுகள் எல்லாம் காருக்குள் போயின.

நான் நோர்வூட் டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறவள். மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் மலைப்பக்கம் பார்த்தேன். கங்காணி சின்னராசா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "என்னம்மா ஆச்சு ஒங்களுக்கு? பேய் கீய் புடிச்சிருச்சா?"

தேயிலை நிரையில் நின்ற அத்தனை பெண்களின் கையும் கீழேயே இருந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை மடியாகத் தூக்கிப் பிடித்து, கொழுந்தை அதில் போட்டார்கள். மடி நிறைந்ததும், தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் முதுகுக் கூடையை இறக்கி, அதில் கொட்டி, மறுபடி தூக்கி மாட்டினார்கள். இப்படி எடுத்தால் நிறை எங்கே சேரும்? பாதிச் சம்பளம்தான். ஆனாலும் ஒருத்தி கையும் தோளுக்கு மேலே போகவில்லை.

நிரைக்குள் ஏறி அம்மாவிடம் போனேன். "அம்மா, என்ன பைத்தியக்காரத்தனம் இது?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த அம்மா சொன்னாங்கல்ல, யாரும் பாவிக்கக் கூடாதுன்னு. யாராச்சும் போட்டோ புடிச்சுப் போட்டுட்டா? தனுஷிக்கு ஆட்டமெல்லாம் முடியிற வரைக்கும் இப்புடியே எடுக்குறதுன்னு காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல பேசி வச்சிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தை அச்சடித்து விற்கத்தான் தடை, கொழுந்து எடுக்க எவன் தடை போடுவான்! சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நிரை நெடுக அந்த மடிகள் கண்ணில் பட்டன. என் தங்கச்சிக்காக இத்தனை பேரா என்று அப்படியே நின்றுவிட்டேன்.

போனில் வீடியோ எடுத்துத் தனுஷிகாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். அழுதுகொண்டேதான் பேசினாள். "பழையபடி தோளுக்கு மேலயே போடச் சொல்லுக்கா" என்றாள். சொன்னேன். "ஆட்டம் முடியட்டும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை இறுதியாட்டம். எங்கள் வீட்டு டிவி முன்னால் வாசல் வரைக்கும் ஆட்கள். தனுஷிகாவின் பந்து ஸ்டம்பைச் சாய்த்தது. மைதானத்தில் ஆயிரக்கணக்கான கைகள் தோளுக்கு மேலே பறந்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், குழந்தை குட்டிகள் எல்லோரும் எங்கள் அம்மாவைப் போல் கொழுந்தெடுத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கையும் அசையவில்லை.

தனுஷிகாவும் கையைத் தூக்கவில்லை. சட்டையின் முன்பக்கத்தை இடது கையால் மடியாகத் தூக்கிப் பிடித்தாள். மூடிய வலது கையை மெதுவாக அதற்குள் கொண்டுபோய் விரித்தாள். வர்ணனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன புதிதாக என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். பிறகு தன்னோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நம்மளப் பாத்துருச்சுடி" என்றாள். "எம் புள்ள நம்மளப் பாத்துருச்சு."